பூனைக்கு எஃப்ஐபி: ‘பரிசோதனை நிலை’ சிகிச்சை என்றால் உண்மையில் என்ன?

வளர்க்கும் பூனைக்கு எஃப்ஐபி என்று கால்நடை மருத்துவர் சொல்லும்போது இரண்டு செய்திகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, இது உயிரைப் பறிக்கும் நோய். இன்னொன்று, இதற்கு ஒரு மருந்து உண்டு, ஆனால் அது ‘பரிசோதனை நிலை’ மருந்து. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பழைய பக்கங்கள் ‘பிழைக்க வழியில்லை, கருணைக்கொலைதான்’ என்கின்றன. புதிய பக்கங்கள் ‘பத்தில் எட்டு, ஒன்பது பூனைகள் குணமாகின்றன’ என்கின்றன. இரண்டுமே எழுதப்பட்ட காலத்தில் சரியாக இருந்தவைதான். பத்தே ஆண்டுகளுக்குள் ஒரு நோயின் தலையெழுத்து இப்படி மாறியது எப்படி, அந்த மருந்து ஏன் இன்னும் ‘பரிசோதனை’ என்றே அழைக்கப்படுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## நோய் எப்படி உண்டாகிறது

எஃப்ஐபி என்பது ஃபெலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிடோனைடிஸ், அதாவது பூனைக்கு வரும் தொற்று வயிற்றுச் சவ்வு அழற்சி, என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏஞ்சல் மெமோரியல் விலங்கு மருத்துவமனையைச் சேர்ந்த ஜீன் ஹோல்ஸ்வொர்த் 1963இல் இதை முதன்முதலில் விவரித்தார். காரணம் ஒரு கொரோனா வைரஸ். கோவிட் வைரஸ் இருக்கும் அதே பெருங்குடும்பம்தான், ஆனால் இது பூனைக்கே உரிய வேறொரு வைரஸ்; மனிதருக்குத் தொற்றாது.

1. பூனைகளின் குடலில் வாழும் சாதாரண கொரோனா வைரஸ் ஒன்று உண்டு. பல பூனைகள் ஒன்றாக இருக்கும் வீடுகளிலும் காப்பகங்களிலும் இது மிகப் பரவலாக இருக்கிறது. மலத்தின் வழியாக, பெரும்பாலும் ஒரே மலத்தொட்டியைப் பல பூனைகள் பயன்படுத்துவதால் பரவுகிறது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருக்கும், அல்லது எந்த அறிகுறியுமே இருக்காது.

2. தொற்று கண்ட பூனைகளில் சிறு பங்கினருக்கு, பொதுவாக 5 முதல் 10 சதவீதம் என்பார்கள், உடலுக்குள்ளேயே அந்த வைரஸ் திரிபடைகிறது. குடல் செல்களோடு நின்றுகொண்டிருந்தது, மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து பெருகும் திறனைப் பெற்றுவிடுகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய செல்லே இப்போது வைரஸை உடல் முழுக்கச் சுமந்து செல்கிறது.

3. இந்தச் செல்களைக் குறிவைத்து உடல் காட்டும் கடும் எதிர்வினையில் சிறிய இரத்தக்குழாய்கள் அழற்சி அடைந்து கசிகின்றன. நோயின் பெரும்பகுதிச் சேதம் இதனால்தான் வருகிறது.

கசிந்த நீர் வயிற்றிலோ நெஞ்சுக்கூட்டிலோ தேங்கினால் அது ஈர வகை. நீர் தேங்காமல் சிறுநீரகம், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் போன்ற உறுப்புகளில் கட்டி கட்டியாக அழற்சி தோன்றினால் உலர் வகை. கண்ணையோ மூளையையோ தாக்குவது இன்னொரு வடிவம். சிகிச்சைக்குக் கடினமானது அதுதான். பாதிக்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட இளம் பூனைகள். புதிய வீட்டுக்கு வந்தது, கருத்தடை அறுவை, இடமாற்றம் என்று ஏதோ ஒரு மன அழுத்தத்துக்குப் பின் நோய் தலைகாட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஈர வகை வந்த பூனை சிகிச்சையின்றி விட்டால் நாட்களிலோ சில வாரங்களிலோ இறந்துவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் இதை நினைத்து நொந்துபோகிறார்கள். திரிபு அந்தப் பூனையின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் கொடுத்த உணவாலோ, மலத்தொட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்ட ஒரு நாளாலோ இது வந்துவிடவில்லை.

## நோய் உறுதியாவது ஏன் கடினம்

ஒற்றைப் பரிசோதனையில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும் வசதி இந்த நோயில் இல்லை. அதிகம் ஏமாற்றுவது கொரோனா ஆன்டிபாடி பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால், பூனை என்றோ ஒருநாள் சாதாரணக் குடல் வைரஸைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். நல்ல ஆரோக்கியத்தோடு ஓடித் திரியும் ஏராளமான பூனைகளுக்கும் அது பாசிட்டிவாகவே வரும். இந்த ஒரு தாளை மட்டும் வைத்துப் பூனைக்கு எஃப்ஐபி என்று முடிவுகட்டக் கூடாது.

மருத்துவர்கள் பல துப்புகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல், எடை குறைவது, இரத்தசோகை, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம். இரத்தத்தில் உள்ள இரு புரதங்களில் குளோபுலின் ஏறி அல்புமின் இறங்கியிருப்பது முக்கியமான துப்பு. அல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் வரும் எண் 0.4க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது, 0.8க்கு மேல் இருந்தால் எஃப்ஐபி ஆக இருக்க வாய்ப்புக் குறைவு.

வயிற்றில் நீர் இருந்தால் ரிவால்டா சோதனை என்று ஒன்று செய்வார்கள். பெரிய ஆய்வகம் தேவையில்லை, மருத்துவரின் மேசையிலேயே முடிந்துவிடும். சோதனைக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் கலந்து வைப்பார்கள். பூனையின் வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த நீர், எஃப்ஐபி என்றால் வைக்கோல் மஞ்சள் நிறத்தில், விரலில் தொட்டால் நூல் போகும் பிசுபிசுப்போடு இருக்கும். அதில் ஒரு துளியை மெதுவாகக் குழாயில் விடுவார்கள். துளி கலைந்து கரைந்துபோனால் நெகட்டிவ். உருக்குலையாமல் மேலே தொங்கினாலோ, ஜெல்லி மீன் போல மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். இதில் நெகட்டிவ் முடிவைத்தான் கூடுதலாக நம்பலாம். பாக்டீரியாத் தொற்றிலும் சில புற்றுநோய்களிலும்கூடப் பாசிட்டிவ் வரக்கூடும். நோயுற்ற திசுவில் மேக்ரோஃபேஜுக்குள்ளேயே வைரஸின் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் பரிசோதனைதான் இறுதியானது. ஆனால் சோர்ந்து கிடக்கும் பூனையை அறுத்துத் திசு எடுப்பது பல நேரம் முடியாத காரியம். அதனால்தான், எல்லாத் துப்பும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிவிட்டு, பூனை தேறுகிறதா என்பதையே சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது.

## மருந்து என்ன செய்கிறது

மருந்தின் பெயர் ஜிஎஸ்-441524. அமெரிக்காவின் கிலியட் சயின்சஸ் நிறுவனம் உருவாக்கிய மூலக்கூறு. இதன் நெருங்கிய உறவினரை நம் எல்லோருக்கும் தெரியும்: ரெம்டெசிவிர். 2021இல் இரண்டாம் அலையின்போது சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றது அந்த மருந்துக்குத்தான். ரெம்டெசிவிர் உடலுக்குள் போனபின் இரத்தத்தில் பெரும்பாலும் ஜிஎஸ்-441524 ஆகவே மாறிச் சுற்றுகிறது.

கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. வைரஸ் பெருக வேண்டுமானால் தன் ஆர்என்ஏயைப் படி எடுத்தாக வேண்டும். அதற்கென்று ஒரு நொதியை வைத்திருக்கிறது. அந்த நொதி அடினோசின் உள்ளிட்ட நான்கு அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். ஜிஎஸ்-441524 பார்வைக்கு அடினோசினைப் போலவே இருக்கும். செல்லுக்குள் போனதும் மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்து தயார் நிலைக்கு வருகிறது. நொதி ஏமாந்து இதைச் சங்கிலியில் சேர்த்துவிடுகிறது. அதற்குப்பின் சங்கிலி நீள முடிவதில்லை. புதிய வைரஸ் உண்டாவது நிற்கிறது, அழற்சி தணிகிறது, மீதியைப் பூனையின் உடலே பார்த்துக்கொள்கிறது.

மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தத்திலிருந்து மருந்து எளிதில் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் அந்த வகை எஃப்ஐபிக்கு மருந்தளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. திரும்ப வரும் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

## கண்டுபிடிப்பும் தடையும்

இந்தக் கதையின் நடுவில் இருப்பவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் நீல்ஸ் பெடர்சன். மாணவராக இருந்த 1960களிலிருந்தே இந்த நோயைத் துரத்திக்கொண்டிருந்தவர். முதலில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து ஜிசி376 என்ற வேறொரு மருந்தைச் சோதித்தார். 20 பூனைகளில் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு வாரத்தில் தேறின. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பலவற்றுக்கு நோய் திரும்பியது. 2018இல் முடிவு வெளியானபோது நோயின்றி இருந்தவை 7 மட்டுமே. முன்பு கிட்டத்தட்ட ஒன்றுகூடப் பிழைக்காத நோயில் ஏழு என்பது சின்ன விஷயமில்லை.

அடுத்தது ஜிஎஸ்-441524. ஆய்வகத்தில் செயற்கையாகத் தொற்று ஏற்படுத்திய 10 பூனைகளும் குணமடைந்தன. பிறகு, இயற்கையாகவே நோய் வந்த 31 வளர்ப்புப் பூனைகளுக்கு இது கொடுக்கப்பட்டது. முடிவு 2019இல் வெளியானது. மிக முற்றிய நிலையில் வந்த 5 பூனைகள் தொடக்கத்திலேயே போய்விட்டன. 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. அவற்றில் 8 பூனைகளுக்கு நோய் திரும்பியது. பெரும்பாலானவற்றுக்கு ஊசி மருந்தின் அளவைக் கிலோவுக்கு 2 மில்லிகிராமிலிருந்து 4 ஆகக் கூட்டியதும் மீண்டன. கடைசியில் நீடித்து வாழ்ந்தவை 25. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் 84 நாள் கணக்கு இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில்தான் கதை கசக்கத் தொடங்குகிறது. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது, ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. கிலியட் அப்போது ரெம்டெசிவிரை மனிதர்களுக்கான மருந்தாக, முதலில் எபோலாவுக்கு, பிறகு கோவிட்டுக்கு, அங்கீகாரம் வாங்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. பூனைகளில் ஏதாவது பக்கவிளைவு பதிவானால் அது மனித மருந்தின் விண்ணப்பத்தைக் கெடுக்கும் என்ற அச்சமே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. விலங்கு மருந்தாக விற்கும் உரிமம் யாருக்கும் போகவில்லை. ஒரு நிறுவனத்தின் பார்வையில் அந்த எச்சரிக்கை புரியக்கூடியதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் உலகெங்கும் இறந்த இளம் பூனைகளை நினைத்தால் அந்த நியாயம் போதவில்லை என்பதே என் கருத்து.

## கள்ளச்சந்தை நிரப்பிய இடைவெளி

ஆய்வுக் கட்டுரையில் மூலக்கூறின் அமைப்பு வெளிப்படையாக இருந்தது. சீனாவில் இருந்த வேதித் தயாரிப்பாளர்கள் அதைச் செய்து குப்பிகளில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். பூனை வளர்ப்போர் முகநூல் குழுக்களில் ஒன்றுகூடினார்கள். மருந்து எங்கே கிடைக்கும், எவ்வளவு போட வேண்டும், எப்படி ஊசி குத்த வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். தன் பூனைக்கு மிஞ்சிய குப்பியை அடுத்த ஊர்க்காரருக்கு நள்ளிரவில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பல மருத்துவர்கள், உரிமமில்லாத மருந்தைக் கையால் தொட முடியாமல், பரிசோதனைகளை மட்டும் செய்துகொடுத்தார்கள்.

இந்தச் சிகிச்சை உண்மையிலேயே பலன் தந்ததா? இப்படி வீட்டிலேயே சிகிச்சை பெற்ற 393 பூனைகளின் விவரங்களை உரிமையாளர்களிடமிருந்து திரட்டி 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. 96.7 சதவீதம் உயிரோடு இருந்தன. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையை முடித்தவர்களின் கணக்கு இது. முதல் சில நாட்களிலேயே பூனையைப் பறிகொடுத்தவர்கள் இதில் வரவில்லை. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் சேதி தெளிவு.

சிக்கல்கள் இருந்தன, சாதாரணமானவை இல்லை:

1. குப்பியின் மேல் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் பல தயாரிப்புகளை ஆய்வகத்தில் அளந்தபோது பெரும்பாலான ஊசி மருந்துகளில் சொன்னதைவிடக் கூடுதலாகவே மருந்து இருந்தது. பூனைகளுக்கு அது நல்லதாகவே முடிந்திருக்கலாம், ஆனால் அளவே தெரியாமல் மருந்து போட்டிருக்கிறோம் என்பதுதான் நிலைமை.

2. சில மாத்திரைகள் மூலிகைச் சத்து என்ற பெயரில் விற்கப்பட்டன. மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படியொரு தயாரிப்பைப் பகுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஜிஎஸ்-441524 இருந்தது. அதை 18 பூனைகளுக்குக் கொடுத்தார்கள். பதினெட்டும் பிழைத்தன.

3. மருந்து கரைந்திருக்க வேண்டுமானால் திரவம் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். தோலுக்கடியில் போனதும் கடுமையாக எரியும். 84 நாள், தினமும் ஓர் ஊசி. தோலில் புண்கள் வந்தன. முதல் வாரம் அசையக்கூட முடியாமல் கிடந்த பூனை, மூன்றாவது வாரம் ஊசியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். உடம்பு தேறுகிறது என்பதற்கு அதுவும் அடையாளம்தான் என்று வளர்ப்போர் தங்களைத் தேற்றிக்கொள்வார்கள்.

4. செலவு. ஒரு பூனைக்குப் பல ஆயிரம் டாலர் ஆனது சகஜம்.

## ‘பரிசோதனை’ என்றால் எந்தப் பொருளில்?

மருத்துவர் வாயிலிருந்து இந்தச் சொல் வரும்போது மூன்று வேறு வேறு நிலைமைகளில் ஏதோ ஒன்றைக் குறிக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

1. மருந்து வேலை செய்யுமா என்றே தெரியாது. பூனை ஆய்வுக்கு உட்படுகிறது. 2018க்கு முன் இந்த மருந்து இந்த நிலையில் இருந்தது.

2. வேலை செய்கிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் சரியான அளவும் காலமும் இன்னும் முடிவாகவில்லை. 2019க்குப் பிந்தைய நிலை.

3. பலன் பல நாடுகளில் பலமுறை உறுதியாகிவிட்டது. விலங்கு மருந்து என்ற முறையான உரிமம் மட்டும் இல்லை.

ஜிஎஸ்-441524 இன்று மூன்றாவது நிலையில் இருக்கிறது. ‘பரிசோதனை மருந்து’ என்ற ஒரே சொல்லைக் கேட்டு, முதல் நிலை என்று எண்ணிப் பயந்து, பூனையைக் கருணைக்கொலைக்குக் கொடுத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஆஸ்திரேலியாவிலும், 2021 முதல் பிரிட்டனிலும், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மருந்தகம் கலந்து தயாரித்துக் கொடுக்கும் முறையில் இது சட்டப்படியே கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இது அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஆகிவிடவில்லை, ஆனால் கால்நடை மருத்துவரின் சீட்டின் பேரில் மருந்தகம் தயாரித்துக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கும் எண்ணமில்லை. அந்த ஜூன் முதல் அங்கே மாத்திரை கிடைக்கிறது.

## சிகிச்சை எப்படிப் போகும்

பலன் தெரிய வேண்டுமானால் விரைவாகவே தெரியும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், பூனை உணவுக் கிண்ணத்தைத் தேடி வரும். வயிற்று நீர் வற்ற ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரத்த எண்கள் அதைவிட மெதுவாகவே திரும்பும். குளோபுலின் இறங்குவதைத்தான் மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். ஒரு வாரமாகியும் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் நோய் எஃப்ஐபிதானா, அளவு போதுமா என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் எடை. மருந்தளவு எடையைப் பொறுத்தது. நோயுற்ற குட்டியோ தேறத் தேற எடை கூடிக்கொண்டே போகும். மாத்திரையாகக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதியிருந்தால், 2 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். அதே பூனை 3 கிலோ ஆகும்போது 45 வேண்டும். பழைய அளவிலேயே விட்டால் நாம் அறியாமலே மருந்தைக் குறைத்துவிட்டோம் என்று ஆகிறது, நோய் திரும்புவதற்கு அதுவே வழிசெய்யும். வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரே தராசில், எடை பார்க்க வேண்டும்.

கல்லீரல் எண்கள் லேசாக ஏறலாம். அரிதாக, மருந்தே சிறுநீர்ப்பாதையில் கல்லாகப் படிந்த நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் இன்னொரு 84 நாள் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் காய்ச்சலோ, நடையில் தள்ளாட்டமோ, கண்ணில் நிறமாற்றமோ தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். திரும்பி வந்த நோயும் பெரும்பாலும் கூடுதல் அளவுக்குக் கட்டுப்படுகிறது.

## சைப்ரஸ் காட்டிய புதிய ஆபத்து

எஃப்ஐபி பூனைக்குப் பூனை நேரடியாகத் தொற்றுவதில்லை என்பதுதான் பாடப்புத்தகச் சேதி. 2023இல் சைப்ரஸ் தீவில் அது பொய்யானது. தெருப்பூனைகள் நிறைந்த அந்தத் தீவில் எஃப்ஐபி கொத்துக் கொத்தாகப் பரவியது. வைரஸின் மரபுப்பொருளைப் படித்துப் பார்த்தபோது, பூனைக் கொரோனா வைரஸ் நாய்களின் கொரோனா வைரஸ் ஒன்றிலிருந்து, செல்லுக்குள் புக உதவும் ஸ்பைக் புரதத்தை வாங்கிக்கொண்டு புதிய கலப்பாக உருவெடுத்திருந்தது. எஃப்கோவி-23 என்று பெயரிட்டார்கள். அந்தத் தீவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட பூனை ஒன்றிலும் அது காணப்பட்டது. அந்த ஆகஸ்டில் சைப்ரஸ் அரசு, மனிதர்களின் கோவிட் சிகிச்சைக்காக வாங்கி வைத்திருந்த மால்னுபிராவிர் கையிருப்பைப் பூனைகளுக்குத் தர அனுமதித்தது. அதுவும் வைரஸின் ஆர்என்ஏ படியெடுப்பைத்தான் கெடுக்கிறது, ஆனால் வேறு வழியில்: சங்கிலியை நிறுத்தாமல், படியில் பிழைகளை நிரப்பி வைரஸைப் பயனற்றதாக்குகிறது.

## 84 நாள் கட்டாயமா?

இன்று ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்கும் கேள்வி இது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஈர வகை எஃப்ஐபி வந்த 40 பூனைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 84 நாளும் மற்றதற்கு 42 நாளும் மாத்திரை கொடுத்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. 40இல் 38 பூனைகள் குணமடைந்தன. பாதிக் காலம் பெற்ற பிரிவு பின்தங்கவில்லை. மருந்துச் செலவு பாதியாகும் என்றால், பணமில்லாததால் சிகிச்சையைத் தொடங்கவே தயங்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்த ஆய்வில் மருத்துவமனைக் கண்காணிப்பும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் இருந்தன. நரம்பையும் கண்ணையும் தாக்கும் வகைகளுக்கு 84 நாள் கணக்கே இப்போதும் நடைமுறை. ஈர வகைப் பூனைக்கும், 42ஆம் நாளில் நிறுத்தலாமா என்பதை அன்றைய இரத்த எண்களையும் ஸ்கேனையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.